ஒரீஸ்யா ஒதுக்கிய துண்டுகள்

எஃகைக் கடைந்தால் சுருள் சுருளாக விழும். கிராஃபைட்டைக் கடைந்தால் தூள்தான் பறக்கும். அது கைரேகைக்குள் இறங்கிவிட்டால் எந்தச் சோப்புக்கும் மசியாது. கீவ் நகரில், பொருள்களின் வலிமையை ஆராயும் நிலையம் ஒன்றின் பட்டறையில், ஒரீஸ்யா பனாசிவ்னா டோவ்ஹான் பதினோரு ஆண்டுகளாக அந்தத் தூளுக்குள் நின்று வேலை செய்தார். 1971-ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் அவருக்கு வயது நாற்பத்தாறு. உடம்புக்குக் கேடான வேலைகளின் பட்டியலில் அவருடைய வேலையும் இருந்ததால் நாளுக்கு அரை லிட்டர் பால் கொடுத்தார்கள். பால் வாசனையே அவருக்கு ஆகாது. வீட்டுக்குக் கொண்டுபோய்த் திரியவிட்டு, கட்டியை வடித்து, மாவு சேர்த்துத் தட்டிப் பொரித்து வெள்ளிக்கிழமைகளில் பட்டறைக்கே திருப்பிக் கொண்டுவருவார். அரசாங்கத்தின் பால் இப்படியாக எட்டுப் பேர் வயிற்றுக்குள் போயிற்று.

அவர் பிறந்தது போல்தாவா பக்கத்தில். பதினாறாம் வயதில், போர் நெருங்கியபோது, யூரல் மலைகளுக்கு அப்பால் பெயர்த்துக் கொண்டுபோகப்பட்ட ஒரு தொழிற்சாலைக்கு அனுப்பப்பட்டார். அங்கே பீரங்கிக் குண்டுகளின் உறைகளைக் கடையக் கற்றார். அந்தத் தொழிற்சாலையில் ஒரு வழக்கம் இருந்தது. பழுதான உறையை அடுத்த மேசைக்குத் தள்ளிவிட்டவரின் பெயரைச் சாப்பாட்டுக்கூடச் சுவரில் சுண்ணாம்பால் எழுதுவார்கள். ஒரு வாரம் யாரும் அழிக்கக் கூடாது. ஒரீஸ்யாவின் பெயர் ஒரே ஒரு முறை எழுதப்பட்டது. பழுதானது தன் கையைத் தாண்டிப் போகக் கூடாது என்ற கட்டாயம் அந்த ஒரு வாரத்தில் அவருக்குள் ஏறியது. பிறகு இறங்கவே இல்லை.

கீவுக்கு அவர் வந்தது 1946-இல். பல பட்டறைகள் மாறி, 1960-இல் இந்த நிலையத்தின் உயர்வெப்ப ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். மரக்கட்டை பருமனில் கிராஃபைட் பாளங்கள் வரும். அவற்றை அறுத்து, லேத்தில் ஏற்றி, விரல் நீளத்துக்கு, இரு முனையும் பருத்து நடுவே இடுப்பு சிறுத்த துண்டுகளாகக் கடைய வேண்டும். ஒவ்வொரு துண்டின் தலையிலும் பாளத்தின் எண், அது பாளத்தின் நெடுக்கே வெட்டப்பட்டதா குறுக்கே வெட்டப்பட்டதா என்ற குறி, வரிசை எண் ஆகிய மூன்றையும் ஊசியால் கீறுவார். கிராஃபைட்டுக்கு நெடுக்கே ஒரு பலம், குறுக்கே வேறொரு பலம். குறி மாறிப்போனால் சோதனை வீண்.

கடைந்த துண்டுகள் ப்ரோகிப்பின் உலைக்குப் போகும். ப்ரோகிப் செரெதா முப்பத்திரண்டு வயதுக்காரன், வாய் ஓயாதவன். காற்றை உறிஞ்சி எடுத்த உலைக்குள், இரண்டாயிரத்து இருநூறு டிகிரியில், துண்டின் இரு தலைகளையும் பிடிகளால் கவ்வி, அறுபடும்வரை இழுப்பது அவன் வேலை. அந்தச் சூட்டில் எஃகு எப்போதோ உருகி ஓடியிருக்கும். கிராஃபைட்டோ, குளிரில் இருந்ததைவிடப் பலமாக நிற்கும்.

"எங்க மாமியார் மாதிரி," என்பான் ப்ரோகிப், பார்க்க வருகிறவர்கள் எல்லாரிடமும். "சூடு ஏற ஏறத்தான் தெம்பு. ஆறிப்போச்சுன்னா பாவம், ஒரு தட்டு தட்டினா ரெண்டு துண்டு."

ஆய்வுக்கூடத் தலைவர் வெனியமின் மார்கோவிச் ராப்போபோர்ட்டுக்கு இந்த நகைச்சுவை பிடிக்காது. அவர் ஐம்பது வயது நெருங்கியவர், மெலிந்தவர், பொத்தான்களை ஒன்றுவிடாமல் போடுகிறவர். துண்டை ஒரு மயிரிழைகூடச் சாய்க்காமல் நேராக இழுக்கும் பிடி ஒன்றை ஆறு ஆண்டுகள் உழைத்து உருவாக்கியிருந்தார். அந்தப் பிடியைக் கொண்டு எடுத்த அளவீடுகள்தாம் அவருடைய உயர்பட்ட ஆய்வேடு. ஆய்வேடுகளை மதிப்பிடும் அவையோரின் முன் அதை நிலைநாட்டும் நாள் டிசம்பர் 10 என்று குறிக்கப்பட்டிருந்தது.

அந்த அளவீடுகளின் சிறப்பு அவற்றின் நெருக்கம். கிராஃபைட் ஒரே சீரான பொருள் அல்ல. ஒரே பாளத்தில் அடுத்தடுத்து வெட்டிய இரண்டு துண்டுகளில் ஒன்று சதுர சென்டிமீட்டருக்கு இருநூறு கிலோ இழுவையில் அறும், மற்றது நானூறு வரை தாங்கும். ஆகவே சராசரியை மட்டும் நம்பி எதையும் கட்ட முடியாது. இதற்குக் கீழே அநேகமாக எதுவும் அறாது என்று சொல்லக்கூடிய அடிமட்ட எண் ஒன்றைத்தான் வடிவமைப்பாளர்கள் கேட்பார்கள். அளவீடுகள் எவ்வளவு சிதறுகின்றனவோ, அடிமட்ட எண் அவ்வளவு கீழே இறங்கும். பிற ஊர் ஆய்வுக்கூடங்களில் சிதறல் அதிகம். இங்கே மட்டும் சராசரி முந்நூற்று நாற்பது, சிதறல் அதில் நூற்றுக்கு ஏழு, அடிமட்டம் இருநூற்று அறுபத்தெட்டு. பிடி நேராக இழுப்பதால்தான் இது சாத்தியமாயிற்று என்று வெனியமின் மார்கோவிச் எழுதியிருந்தார். மறுக்க ஒருவருக்கும் காரணம் கிடைக்கவில்லை.

ஒரீஸ்யாவின் காதைப் பற்றி ஆய்வேட்டில் எதுவும் இல்லை.

சேர்ந்த முதல் ஆண்டில், அவர் கடைந்த துண்டுகளில் சில, உலை சூடேறுவதற்கு முன்பே பிடிக்குள் நொறுங்கின. ஒரு நாள் வெனியமின் மார்கோவிச் நொறுங்கியதைக் கையில் எடுத்துக்கொண்டு பட்டறைக்கே வந்துவிட்டார். "ஒரு துண்டுக்கு ரெண்டு மணி நேரம் போகுது, தெரியுமா? இந்த மாதிரிக் குப்பையை எனக்கு அனுப்பாதீங்க!" என்று எல்லார் முன்னிலையிலும் கத்தினார். சுவரில் இரண்டாம் முறை பெயர் எழுதப்பட்டதுபோல இருந்தது ஒரீஸ்யாவுக்கு.

மறுநாளிலிருந்து ஒவ்வொரு துண்டையும் நூலில் தொங்கவிட்டுப் பித்தளை ஊசியால் தட்டிப் பார்த்தார். நல்லது கணீரென்று ஒலித்து நிற்கும். உள்ளே பழுதிருப்பது மந்தமாக, மரத்தைத் தட்டியதுபோல ஒலிக்கும். மந்தமானவை ஏறத்தாழ ஆறில் ஒன்று. அவை அவருடைய மேலங்கிப் பைக்குள் போயின. குறை காணப்படும் துண்டுகளை ஒதுக்குக என்று வேலை விதிகளின் நான்காம் பத்தி சொன்னது. கண்ணால் காண வேண்டுமா காதால் காண வேண்டுமா என்று அது பிரித்துச் சொல்லவில்லை. துண்டுகளோடு உலைக்குப் போகும் சீட்டில் அனுப்பியவற்றின் எண்ணிக்கைதான் இருக்கும்; ஒதுக்கியவற்றுக்கு அதில் கட்டம் இல்லை. பிடிக்குள் நொறுங்குவது நின்றது. ஒரீஸ்யாவின் படம் நிலையத்தின் வாசலில் சிறந்த தொழிலாளர் பலகையில் ஏறியது.

ஒதுக்கியவற்றைக் குப்பையில் போட அவருக்கு மனம் வராது. கீவின் நிவ்கிப் பகுதியில் அவர் குடியிருந்த ஐந்து மாடிக் கட்டடத்தில் எல்லார் வீட்டிலும் அவை இருந்தன. பூட்டுக்குள் தேய்த்தால் சாவி வழுக்கிக்கொண்டு திரும்பும். குளிர்கோட்டின் ஜிப்பில் தேய்த்தால் சிக்காது. கட்டடத்தில் எந்தக் கதவும் கிறீச்சிட்டதில்லை.

அக்டோபர் 18, திங்கட்கிழமை, வடிவமைப்பு அலுவலகம் ஒன்றிலிருந்து ரயீசா அந்தோனிவ்னா என்ற பொறியாளர் ஒரு மரப்பெட்டியோடு வந்தார். பெட்டிக்குள் உடைந்த கிராஃபைட் வளையம் ஒன்றின் இரு பாதிகள். முழுதாக இருந்தபோது அது ஒரு மீட்டர் அகலம். அரிய உலோகங்களை உருக்கும் உலைகளில் மூசை என்ற உருக்குக் கலத்தைத் தாங்குவதற்காக அந்த வளையங்கள் செய்யப்பட்டிருந்தன. முப்பது வளையங்களைச் சூடேற்றிப் பார்த்ததில் நான்கு உடைந்துவிட்டன.

வெனியமின் மார்கோவிச் ஒரீஸ்யாவை மேலே வரச் சொல்லி அனுப்பினார். "நம்ம நிலையத்துல கிராஃபைட்டை இவங்களை மாதிரிக் கடைய ஆள் கிடையாது," என்று ரயீசாவிடம் சொல்லிவிட்டு, "நீங்களே பாருங்க, ஒரீஸ்யா பனாசிவ்னா. எந்த மடையன் கடைஞ்சான்னு சொல்லுங்க," என்றார்.

"மடையனைத் தேடி நான் வரலை," என்றார் ரயீசா. பருத்த உடம்பு, தொண்டை கட்டிய குரல். "உங்க எண் இருநூத்து அறுபத்தெட்டு. நாங்க அந்த வளையத்துக்குக் கொடுத்த இழுவை இருநூறுதான். சோதனையில உள்ள உலோகம் இல்ல, அதனால தப்பிச்சோம். வளையத்துக்கு அடியில தண்ணிக் குழாய் ஓடுது. மூசை நிறைய உருகின உலோகம் இருக்கும்போது வளையம் விட்டுச்சுன்னா, குழாய் உடைஞ்சு, தண்ணியும் அதுவும் ஒண்ணாச் சேர்ந்து வெடிக்கும். ஜனவரியில இருபது வளையம் ஆலைக்குப் போகுது. ஒரு ஷிஃப்டுக்குப் பன்னெண்டு பேர். உங்க எண் சரின்னு எழுத்துல கொடுத்துட்டீங்கன்னா, பாளம் அனுப்பினவங்களைக் கேட்கிறேன். சரியில்லைன்னாலும் சொல்லிடுங்க. நவம்பர் பதினஞ்சுக்குள்ள எனக்குத் தெரியணும்."

"எண் சரி," என்றார் வெனியமின் மார்கோவிச். "உங்க திருப்திக்காக இன்னும் நாற்பது துண்டு இழுத்துக் காட்டுறேன்."

ஒரீஸ்யா வளையத்தின் ஓரங்களைத் தடவிப் பார்த்தார். கடைசல் சுத்தம், மடையன் வேலை இல்லை. பிறகு உடைந்த முகத்தை வெளிச்சத்துப் பக்கம் திருப்பினார். கறுப்புக்கு நடுவே, துவரம்பருப்பு அளவுக்கு, வெளிறிய புள்ளி ஒன்று இருந்தது. அதை அவர் முன்பே பார்த்திருக்கிறார். மந்தமாக ஒலித்த ஒரு துண்டை, என்னதான் இருக்கிறது உள்ளே என்று ஒரு முறை உடைத்துப் பார்த்தபோது, இதே புள்ளி.

"கடைசல் நல்லாத்தான் இருக்கு," என்று மட்டும் சொல்லிவிட்டுக் கீழே இறங்கினார்.

படியிறங்கும்போதே கணக்குப் போட்டார். அந்த வளையம் அளவு கிராஃபைட்டில் அறுநூறு துண்டு கடையலாம். அறுநூறில் நூறு மந்தமாக இருக்கும். துண்டுகள் என்றால் அந்த நூறையும் எடுத்துப் பைக்குள் போட்டுவிடலாம். வளையத்திலிருந்து யார் எடுப்பது? அவை உள்ளேயேதான் இருக்கும். இழுவை குறைந்த இடத்தில் இருந்தால் வளையம் பிழைக்கும், இழுவை மிகுந்த இடத்தில் இருந்தால் பிளக்கும். முப்பதில் நான்கு.

அடுத்த ஒரு வாரம் நாற்பது துண்டுகளுக்கான வேலை நடந்தது. பாளத்தை அறுத்து, கடைந்து, எண் கீறி, நூலில் தொங்கவிட்டுத் தட்டினார். நாற்பத்தேழு கடைந்ததில் ஏழு மந்தம். ஏழையும் பைக்குள் போட்டார். எடுத்து மேசைமேல் வைத்தார். மறுபடி பைக்குள் போட்டார். மதிய உணவு நேரத்தில் ப்ரோகிப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, உப்பிட்ட பன்றிக் கொழுப்பைக் கறுப்பு ரொட்டியில் வைத்துக் கடித்தபோது, அவனைக் கேட்டார்:

"ஏம்ப்பா, இத்தனை வருஷத்துல எத்தனை இழுத்திருப்ப?"

"ஆயிரத்து நானூறு. நோட்டைப் பார்த்துச் சரியாச் சொல்லட்டுமா?"

"அதுல இருநூத்தம்பதுக்குக் கீழ அறுந்தது எத்தனை?"

"ஒண்ணுகூடக் கிடையாது, பனாசிவ்னா. உங்க துண்டு என்ன, சும்மாவா? வேற ஊர்க்காரங்க துண்டு நூத்தம்பதுக்கெல்லாம் அறும். நம்ம பெரியவரைக் கேட்டா பிடி, பிடிம்பார். நானா இருந்தா உங்க படத்தை இன்னும் கொஞ்சம் பெரிசா மாட்டுவேன்." பிறகு அவர் முகத்தைப் பார்த்தான். "ஏன், பல் வலியா?"

"ஆமா," என்றார் ஒரீஸ்யா. "நீ சாப்பிடு."

அன்று மாலை கணவர் லவ்ரினிடம் சொன்னார். லவ்ரின் டிராலிபஸ் ஓட்டுகிறவர், அவசரப்பட்டு வாய் திறக்காதவர். முழுவதையும் கேட்டுவிட்டு, "அந்த மனுஷனுக்கு டிசம்பர்ல பரீட்சைன்னு சொன்னியே," என்றார்.

"பரீட்சை இல்ல. ஆய்வேடு."

"ரெண்டும் ஒண்ணுதான். இதைச் சொன்னா அவர் கதி?"

"போச்சு."

"சொல்லலேன்னா?"

"பன்னெண்டு பேர். ஒரு ஷிஃப்டுக்கு."

வெனியமின் மார்கோவிச் ஆறு ஆண்டுகள் அந்தப் பிடியோடு போராடியதை ஒரீஸ்யா அருகிலிருந்து பார்த்தவர். பிடியின் முதல் ஏழு வடிவங்களைக் கடைந்தவரும் அவரே. பிடி நேராகத்தான் இழுத்தது. அதில் பொய் இல்லை.

அக்டோபர் 28, வியாழக்கிழமை, காலை ஒன்பதரைக்கு ஒரீஸ்யா தலைவரின் அறைக்குப் போனார். நாற்பது துண்டுகளை ஒரு தட்டிலும் மந்தமான ஏழு துண்டுகளை ஒரு காகிதத்திலும் வைத்தார்.

"என்ன, கணக்குக்கு மேல ஏழு?" என்றார் வெனியமின் மார்கோவிச்.

"இது நான் ஒதுக்கினது. தட்டிப் பார்த்தேன், சத்தம் சரியில்ல."

அவர் சிரித்தார். "சங்கீதம் எப்போ கத்துக்கிட்டீங்க?"

"பதினோரு வருஷமாத் தட்டுறேன்."

சிரிப்பு நின்றது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும். ஆறுக்கு ஒண்ணு தேறாது. அதை உங்களுக்கு அனுப்பினதில்ல."

"யார் அப்படிச் செய்யச் சொன்னது?"

"நீங்கதான். குப்பையை அனுப்பாதீங்கன்னு கத்தினீங்க. அறுபத்தொண்ணு பிப்ரவரியில."

வெனியமின் மார்கோவிச் எழுந்து ஜன்னல்வரை போனார், திரும்பினார், மறுபடி போனார். "ஏன் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை? பதினோரு வருஷம்! ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அப்பம் கொண்டுவந்து கொடுக்கத் தெரிஞ்சுது, இதைச் சொல்லத் தெரியலையா?"

"நல்ல துண்டு கொடுக்கிறது என் வேலைன்னு நினைச்சேன்."

"எனக்கு நல்ல துண்டு வேண்டாம்! எனக்கு..." என்று தொடங்கியவர், முடிக்காமல் உட்கார்ந்தார். ஏழில் ஒன்றை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் உருட்டிப் பார்த்தார். கண்ணுக்கு ஒரு குறையும் தெரியவில்லை. அதைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "இந்த ஏழு துண்டையும் நீங்க இங்க கொண்டுவராம இருந்திருந்தா, நாற்பதும் முந்நூத்து நாற்பதுலதான் அறுந்திருக்கும்."

"தெரியும். அதான் கொண்டுவந்தேன்."

"ஏழு துண்டை வெச்சு எதுவும் சொல்ல முடியாது. முப்பது, நாற்பதாவது வேணும். பழசெல்லாம் எங்க? குப்பையில போட்டாச்சா?"

"நிவ்கில இருக்கு."

"எங்க?"

"எங்க கட்டடத்துல. ஜிப்புல தேய்க்கிறாங்க."

வெனியமின் மார்கோவிச் நாள்காட்டியைப் புரட்டினார். புதிதாகப் பாளம் வரவழைத்து, அறுத்து, இருநூறு துண்டு கடைந்து, அதில் மந்தமானவற்றைப் பொறுக்குவதென்றால் மாதம் ஒன்றரை ஆகும். கையில் இருந்தது பதினெட்டு நாள். "தலையில கீறின எண் இன்னும் இருக்குமா?" என்று கேட்டார்.

"நான் கீறினது அழியாது."

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அவர் தொப்பியும் மேற்கோட்டுமாக நிவ்கிக்கு வந்து சேர்ந்தார், கையில் பஞ்சு பரப்பிய மரப்பெட்டியோடு. கட்டடம் முழுவதும் முட்டைக்கோஸ் வாசனை. குளிர்காலத்துக்குக் கோஸ் ஊறப்போடும் வாரம் அது. எல்லா வீட்டிலும் எல்லாரும் இருந்தார்கள், எல்லார் கையிலும் கத்தி இருந்தது.

முதல் மாடியில் ஸ்தெபனீதா அத்தை கதவைத் திறந்தார். விஷயத்தைக் கேட்டதும் கதவைப் பாதி மூடிக்கொண்டார். "கொடுத்ததைத் திருப்பிக் கேட்கிறது என்ன பழக்கம், ஒரீஸ்யா? அது இல்லாம என் பூட்டு திறக்காதுடி. இவர் யாரு, போலீஸா?"

"ஆய்வுக்கூடத் தலைவர், அத்தை."

"இத்தனை பெரிய மனுஷனுக்குச் சொந்தமா ஒரு கரிக்கட்டை இல்லையா?"

"இருக்குங்க," என்றார் வெனியமின் மார்கோவிச், தொப்பியைக் கழற்றி. "என்கிட்ட இருக்கிறதெல்லாம் நல்லது. எனக்கு மோசமானதுதான் வேணும்."

அத்தை அவரை ஏற இறங்கப் பார்த்தார். "உள்ள வா தம்பி. சும்மா நிக்காத, அந்தக் கோஸைப் பிடி. நான் தேடுறேன்." தேடி முடிக்க இருபது நிமிடம் ஆனது. அதற்குள் வெனியமின் மார்கோவிச் இரண்டு கோஸ்களை நறுக்கியிருந்தார். இழை எல்லாம் ஒரே அகலத்தில் இருந்ததை அத்தை தன் மருமகளைக் கூப்பிட்டுக் காட்டினார்.

மூன்றாம் மாடித் தையல்காரி துணியில் கோடு போட ஆறு துண்டுகள் வைத்திருந்தார். நான்கைக் கொடுத்துவிட்டு, இரண்டைத் தர முடியாது என்று முடிவாகச் சொல்லிவிட்டார். நான்காம் மாடியில் ஒருவர் ஆடும் மேசைக்குக் கீழே ஒன்றைச் செருகியிருந்தார். அதற்குப் பதிலாக ஒரு மரத்துண்டு தேடிக் கொடுக்க வேண்டியிருந்தது. மாலை மூன்று மணிக்குள் ஐம்பத்தொன்று சேர்ந்தது. தலையைத் தேய்த்திருந்தாலும் எண் தெரிந்தால் பாதகமில்லை, இடுப்பில் கீறல் விழுந்திருந்தால் ஆகாது. ஒரீஸ்யா ஒவ்வொன்றாகப் பார்த்துத் தேறியவற்றை எண்ணினார்: முப்பத்து மூன்று. ஏழையும் சேர்த்தால் நாற்பது.

நவம்பர் முதல் தேதியிலிருந்து ப்ரோகிப் நாளுக்கு ஐந்து வீதம் இழுத்தான். காரணத்தை ஒரீஸ்யாவே அவனிடம் சொன்னார். அன்று அவன் ஒரு வார்த்தை நகைச்சுவை பேசவில்லை. மூன்றாம் நாள் ஒரு துண்டு நூற்று முப்பத்தொன்றில் அறுந்தபோது மட்டும், "இது உலைக்குள்ள போறதுக்கே யோசிச்சிருக்கும் போல," என்றான். சனிக்கிழமையும் வேலை நடந்தது. ஏழாம் தேதி புரட்சி நாள் ஊர்வலத்தில் வெனியமின் மார்கோவிச் நிலையத்தின் பதாகையின் ஒரு கம்பைத் தூக்கிக்கொண்டு கிரெஷ்சாட்டிக் வீதி நெடுக நடந்தார். பக்கத்தில் நடந்தவர்கள் டிசம்பருக்காக இப்போதே அவரை வாழ்த்தினார்கள். ஒன்பதும் பத்தும் மீண்டும் உலை. பதினொன்றாம் தேதி கணக்கு முடிந்தது.

ஒதுக்கியவற்றின் சராசரி இருநூற்று இருபது. அவற்றை ஆறில் ஒரு பங்காகப் பழைய அளவீடுகளோடு சேர்த்தால் சராசரி முந்நூற்று இருபதாகத்தான் குறைந்தது. அது பெரிய இறக்கம் இல்லை. சிதறல் மட்டும் இரண்டு மடங்குக்கு மேல் விரிந்தது. அடிமட்டம் நூற்று அறுபத்து மூன்று.

பன்னிரண்டாம் தேதி, வெள்ளிக்கிழமை, மதியத்துக்குப் பிறகு ஒரீஸ்யா மேலே அழைக்கப்பட்டார். மேசைமேல் இரண்டு கடித வரைவுகள் இருந்தன.

"ஒரு கேள்வி," என்றார் வெனியமின் மார்கோவிச். மூன்று நாள் சரியாகத் தூங்காத முகம். "இருநூத்து அறுபத்தெட்டுன்னே விட்டுட்டு, 'தட்டிப் பார்த்துத் தேர்ந்த பொருளுக்கு மட்டும்'னு ஒரு வரி சேர்க்கலாம். அதுல பொய் இல்ல. வளையத்தைத் தட்டிப் பார்த்துச் சொல்ல முடியுமா உங்களால?"

ஒரீஸ்யா அவசரப்படவில்லை. முடியும் என்ற ஒரு சொல் வெனியமின் மார்கோவிச்சின் டிசம்பரைக் காப்பாற்றிவிடும் என்பது இருவருக்கும் தெரியும். "முடியாது. அத்தனை பெரிசுல, ஒரு ஓரத்துல துளியூண்டு பழுது இருந்தா சத்தம் மாறாது. அந்த உடைஞ்ச பாதியைத் தட்டிப் பார்த்தேன். கணீர்னுதான் இருக்கு."

வெனியமின் மார்கோவிச் ஒரு வரைவை எடுத்து இரண்டாகக் கிழித்தார். கிழித்த பாதிகளை ஓரம் பார்த்து அடுக்கிக் குப்பைக்கூடையில் போட்டார். மற்றதை ஒரீஸ்யாவிடம் நீட்டினார். அதில் இருந்த எண் நூற்று அறுபத்து மூன்று. வளையங்களை இந்த எண்ணுக்கேற்பத் தடிமனாக்கும்வரை ஆலைக்கு அனுப்ப வேண்டாம் என்று இருந்தது. முந்தைய அளவீடுகளைப் பற்றி ஒரு வாக்கியம்: 'சில மாதிரிகள் சோதனைக்கு முன்பே ஒதுக்கப்பட்டிருந்தமை தெரியவந்துள்ளது.'

ஒரீஸ்யா அந்த வாக்கியத்தை இரண்டு முறை படித்தார். "யார் ஒதுக்கினதுன்னு இதுல இல்லையே."

"வேண்டாம்னு விட்டேன். விசாரணை, கண்டிப்பு, பலகையிலிருந்து படம்... உங்களுக்கு எதுக்கு அதெல்லாம்? தலைவர் நான், கையெழுத்து என்னுது."

"என் பேர் இல்லேன்னா, உங்க பிடியாலதான் தப்புன்னு நினைப்பாங்க. நாளைக்கு அந்தப் பிடியை ஒருத்தரும் தொட மாட்டாங்க. பிடி நேராத்தான் இழுக்குது, வெனியமின் மார்கோவிச். அதை நான் கடைஞ்சிருக்கேன்."

அவர் பேனாவின் மூடியைத் திறந்தார்.

"அப்புறம், 'சில'ன்னு எழுதியிருக்கீங்க," என்றார் ஒரீஸ்யா. "சில இல்ல. ஆறில் ஒண்ணு."

வெனியமின் மார்கோவிச் அந்த வாக்கியத்தை அடித்துவிட்டு, மேலே சிறிய எழுத்தில் புதிதாக எழுதினார்: 'பட்டறையின் கடைசல் தொழிலாளர் ஒ. ப. டோவ்ஹான், 1961 பிப்ரவரி முதல் 1971 அக்டோபர் வரை, ஒலியைக் கொண்டு மாதிரிகளில் ஏறத்தாழ ஆறில் ஒன்றை ஒதுக்கிவந்தார்.' ஒரீஸ்யா தலையசைத்தார். தட்டச்சு செய்து வந்த படியில் இருவரும் கையெழுத்திட்டார்கள், அவர் மேலே, இவர் கீழே. டிசம்பர் 10-இல் குறித்திருந்த அமர்வைக் கைவிடக் கோரி அவையின் செயலருக்கு எழுதிய நாலு வரிக் கடிதமும் அதே உறையடுக்கில் சேர்ந்தது. நாலரை மணித் தபாலுக்கு இன்னும் கால் மணி நேரம் இருந்ததால், அஞ்சல் பெட்டிவரை ஒரீஸ்யாவே எடுத்துக்கொண்டு போனார்.